பாட்டுக்குழுவில் சேர்ந்துவிடு, ராசா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஸ்வீடனில், உன் கோத்தன்பர்க் ஊரில் குளிர் எப்படி என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் பொய்தான் சொல்வாய்.

கூட வேலை பார்க்கும் பெண் தன் பாட்டுக்குழுவுக்கு அழைத்தாளாம், குரலும் இல்லை, ஸ்வீடிஷும் வராது என்று நீ மறுத்துவிட்டாயாம். உன் தங்கை சொன்னாள். போய்ச் சேர் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பறை கற்கிறேன் என்றதும் சிரித்தவன் நீ. ஞாயிறு காலை மைதானத்துக்கு வந்து பார்த்தால் தெரியும். முதலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவோம். பனியில் தொய்ந்த தோல் சூடு ஏற ஏற இறுகும். தட்டிப் பார்த்து, கணீர் என்றதும் வட்டமாக நிற்போம். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய, நீளமான சிண்டுக்குச்சி. ஆரம்பத்தில் என் சிண்டுக்குச்சி தனியாக வேறு ஊருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அடி தப்பினால் பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்த்து அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். யாரும் நிறுத்தித் திட்டுவதில்லை.

குழாயடிச் சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு நர்ஸ் இப்போது என் பக்கத்தில்தான் நிற்கிறாள். மனைவி போனதிலிருந்து வீட்டோடு முடங்கிக் கிடந்த கண்டக்டர் அண்ணனும் வருகிறார். போன வாரம் அவரைக் காணோம் என்றதும், வகுப்பு முடிந்த கையோடு எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய்விட்டோம். காய்ச்சல். நர்ஸ் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவர் படுத்தபடியே கட்டில் சட்டத்தில் புது அடியைத் தட்டி, சரியா என்று கேட்டார்.

சேர்ந்து வாசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இதே பறையைச் சாவு வீட்டில் அடிக்கவைத்து, அடித்தவர்களை ஒதுக்கியும் வைத்த ஊர் இது. அந்தத் தெருப் பிள்ளையைத்தான் இன்று நாங்கள் சார் என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்கிறோம். அது பிடிக்காமல் வராதவர்களும் உண்டு. அவர்கள் பாடு.

உன் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைத்து இதயத் துடிப்பை அளந்து, 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருக்கிறது. காரணம் மூச்சு: எல்லோரும் வரி முடியும் இடத்தில்தானே மூச்சு வாங்குகிறார்கள்! ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பாட்டு, கைவினை, எழுத்து என்று வெவ்வேறு வகுப்புகளில் சேர்ந்தவர்களை 7 மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. பாடியவர்களுக்கு மட்டும் தொடக்கத்திலேயே வந்தது. உனக்கு வேண்டியது அந்தத் தொடக்கம்தானே? சனி, ஞாயிறுகளில் நீ வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 13, லூசியா என்ற புனிதையின் விளக்குத் திருநாளில் அங்கே ஊரெங்கும் பாடுவார்களாமே, அதற்கு முன் சேர்ந்துவிடு. பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள். நன்றாகப் பாடுகிறவர் பக்கத்தில் நில். பயிற்சி எந்தக் கிழமை என்று மட்டும் சொல், அன்று மாலை நான் போன் செய்யமாட்டேன்.

அன்புடன்,
அம்மா