எந்த அளவுகோலில் 450 குதிரைத்திறன்?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தின் ஒப்பீட்டு அட்டவணையில், 1970 செவ்ரோலெட் செவல் எல்.எஸ்.6 காரின் 450 குதிரைத்திறனும் இன்றைய மசில் கார்களின் (பெரிய இன்ஜின் பூட்டிய அமெரிக்க வேகக் கார்கள்) எண்களும் ஒரே வரிசையில் வந்திருக்கின்றன. அவை ஒரே முறையில் அளக்கப்பட்டவை அல்ல. எண்ணோடு அளவுமுறையின் பெயரையும் அச்சிட வேண்டுகிறோம்.

அந்த 450 'கிராஸ்' கணக்கு. ஏர் ஃபில்டர், ஃபேன், காரின் சொந்த சைலன்சர் எதுவும் இல்லாமல், இன்ஜினை மட்டும் சோதனை மேடையில் ஏற்றி எடுத்தது. 1972 மாடல்களிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் 'நெட்' கணக்குக்கு மாறின: துணைக்கருவிகளும் முழு எக்ஸாஸ்ட்டும் பூட்டிய நிலையில் கிடைப்பது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் வெளியிட்டதால் வித்தியாசம் நேராகவே தெரிகிறது. செவ்ரோலெட் கொர்வெட் காரின் 454 கன அங்குல எல்.எஸ்.5 இன்ஜின் கிராஸில் 365, நெட்டில் 285. ஆனால் 1970க்கும் 1972க்கும் இடையே விழுந்தது முழுவதும் காகிதச் சரிவு என்று நினைப்பதும் தவறு. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971இல் கம்ப்ரெஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு) இறக்கியதில் உண்மையாகவே சக்தி போயிற்று.

இவை இன்ஜின் தண்டில் கிடைக்கும் எண்கள். டைனோ, அதாவது காரின் சக்கரங்களை உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவியில் வருவது, சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி. அதையும் கம்பெனி எண்ணையும் கலந்து எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

டைனோவில் முதலில் பார்க்க வேண்டியது திருத்தக் காரணி: அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் கணக்கில் எடுத்து, எண்ணை ஒரு பொது நிலைக்கு மாற்றும் பெருக்கெண். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தம் என்ற நிலைக்குக் கொண்டுவருகிறது. 'எஸ்.டி.டி.' எனப்படும் பழைய முறை 15.6 டிகிரியையும் சற்றுக் கூடிய காற்றழுத்தத்தையும் எடுத்துக்கொள்வதால், அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஒரு பொத்தானை மாற்றினால் 400 என்பது 416 ஆகிவிடும். வெப்ப உணரியை வைக்கும் இடமும் அவ்வளவு முக்கியம். 30 டிகிரி அறையில் அது ரேடியேட்டரின் சூட்டில் 45 டிகிரி காட்டினால், திருத்தாத 400 குதிரைத்திறன் 404க்குப் பதில் 416 ஆக வெளிவரும். டர்போ பூஸ்ட்டை (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்) தானே நிலைநிறுத்திக்கொள்ளும் காருக்கு, உயரமான மலைப்பகுதியில் இந்தத் திருத்தத்தை அப்படியே போட்டால் எண் பொய்யாக வீங்கும்.

ஓட்டும் முறைக்கு வருவோம். 1:1 விகித கியரில்தான், அதாவது இன்ஜின் வேகத்தை மாற்றாமல் அனுப்பும் கியரில்தான், ஓட்ட வேண்டும். பல பழைய கார்களில் அது நான்காவது. ஆட்டோமேட்டிக் என்றால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் திரவம் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கல் சக்தியைத் தின்றுவிடும். டயர் காற்றழுத்தம், காரை டைனோவில் கட்டும் பட்டைகளை இறுக்கும் அளவு, கூலன்ட் மற்றும் ஆயில் வெப்பம் ஆகியவை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டையை அதிகமாக இறுக்கினால் டயர் நசுங்கி எண் குறையும். தளர்ந்தால் டயர் வழுக்கி வரைகோடு துள்ளும். கியர் ஆயில் குளிர்ந்திருக்கும் முதல் ஓட்டத்தை விட்டுவிடலாம். சூப்பர்சார்ஜர் கார்களில் நேர்மாறு: இடைவெளி விடாமல் ஓட்டினால் உள்ளே போகும் காற்று சூடாகி, இன்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிச் சக்தியைக் குறைக்கும். நல்ல ஃபேனும் போதிய இடைவெளியும் அவசியம்.

உருளையை முடுக்கி அளக்கும் டைனோவில் இன்ஜின் சுழல் வேகத்தைப் படிக்கும் ஆர்.பி.எம். கிளிப் தவறாகப் படித்தால், குதிரைத்திறன் சரியாகவே இருந்தும் முறுக்குவிசை தவறிவிடும். எடை கூடிய சக்கரங்களைப் பூட்டினாலும் இந்த வகை டைனோ குறைத்துக் காட்டும், ஏனெனில் அவற்றைச் சுழற்றவும் சக்தி செலவாகிறது.

சக்கர எண்ணோடு 15 சதவீதம் கூட்டி 'இன்ஜின் சக்தி' என்று எழுதுவதைத் தயவுசெய்து தவிருங்கள். கியர்பாக்ஸ், பின் ஆக்சில், டயர், ஆயில் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து இழப்பு மாறும். அதே காரில்கூட அது நிலையான சதவீதம் அல்ல. ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமானால், அதே டைனோவில், அதே கியரில், திருத்தாத எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாகனச் சோதனைப் பணியில் உள்ள வாசகர்கள்