விளக்குத்தூண் ஜவுளிக்கடைத் தங்கச்சிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள தங்கச்சிகளே,

மதுரை விளக்குத்தூண், மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற உங்களுக்காக எழுதுகிறேன். நானும் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து பதினோரு வருடம் சேலை செக்‌ஷனில் நின்றவள்தான்.

அப்போது என் வாயில் ஒரே பதில்தான். "இந்த வாரம் லீவை விட்டுக்கொடும்மா." சரிங்கண்ணே. "கூட்டம் குறையட்டும், அப்புறம் சாப்பிடப் போ." சரிங்கண்ணே. சூப்பர்வைசர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுவேன். காலையில் பஸ்ஸில் வரும்போது மட்டும், "இன்னைக்கு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிடணும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். ராத்திரி ஒன்பதரைக்கும், பிரித்துப் போட்ட சேலைக் குவியல் முன்னால் நின்று மடித்துக்கொண்டிருப்பேன். கடைக்குக் கொடுத்த வாக்கை ஒருநாளும் தவறியதில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வாக்கைத் தினமும் தவறினேன். இப்படி வருடக்கணக்கில் போனால், நம் பேச்சை நாமே நம்ப மாட்டோம். கடை மாறிப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் அங்கேயும் அதே சரிங்கண்ணே.

பாத்ரூம் மேல் மாடியில். போய் வந்தால் "இவ்வளவு நேரம் எங்க போன?" என்பார்கள். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். நீர்க்கடுப்பு வந்து, டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் தண்ணீர் பாட்டிலின் நடுவில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். மதியம் பன்னிரண்டு மணிக்குள் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான், வேறு எந்தச் சபதமும் எடுக்கவில்லை. முதல் வாரம் இரண்டு நாள் தவறினேன், என்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுநாள் தொடர்ந்தேன். ஒரு மாதம் கழித்து, நான் சொன்னால் செய்வேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அந்தத் தெம்பில்தான் ஒருநாள், "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். கையில் இருந்த சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். எல்லா நேரமும் இப்படி நடக்காது. இன்னொரு முறை முடியாது என்றதற்கு, ஒரு மாதம் குடோனில் போட்டார்கள். அட்வான்ஸ் கடன் வாங்கியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சின்னதிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

நீங்கள் கேட்பது சலுகையும் இல்லை. கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்தே இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதுதான் அதன் கணக்கு. அதற்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் கூலி தர வேண்டும். 2021-ல் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இருக்கை போட வேண்டியது முதலாளியின் கடமை. நம் தைரியக் குறைவைக் காரணம் காட்டி அவர் அதிலிருந்து தப்பக் கூடாது. ஆனால் ஸ்டூல் போட்ட கடையிலும், ஆள் இல்லாத மத்தியான வேளையில் அதன் பக்கத்திலேயே நிற்கிற தங்கச்சிகளைப் பார்க்கிறேன். மனசு வலிக்கிறது. நானும் அப்படித்தான் நின்றேன்.

ஆடித் தள்ளுபடி வந்தால் உங்கள் வார லீவைக் கேட்பார்கள். பதிலை இப்போதே, பஸ்ஸில் போகும்போதே யோசித்து வையுங்கள். வீட்டுச் செலவை நினைத்துச் சரி என்றுகூட முடிவு செய்யலாம், அதில் தப்பில்லை. கேட்டவுடன் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலை செக்‌ஷன் அக்கா