2024–25 ஆண்டறிக்கை: ஒன்றியத் தொடக்கப் பள்ளி பழைய மாணவர், பெற்றோர் சங்கம்

மதிப்புக்குரிய தலைவர், ஊர்ப் பெரியவர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவில் வாசிப்பதுதான் வழக்கம். போன வருடம் நான் வாசித்தபோது எதிரில் இருந்தது பதினொரு பேர், அதில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த முறை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடச் சொன்னார் தலைவர். அனுப்பியிருக்கிறேன். படித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் படம் போட வேண்டாம். நேரில் வாருங்கள்.

முதலில் வழக்கமானவை. பள்ளி 2024 ஜூன் 10 அன்று திறந்தது. சுதந்திர தினம், குழந்தைகள் தினம், பொங்கல், குடியரசு தினம் எல்லாம் நடந்தன. மிட்டாய் தலைவர் உபயம். நம் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை. மழைக்காலத்தில் கலெக்டர் விடுமுறை விட்ட நாள்கள் போக, விடாமலே பிள்ளைகள் வராத நாள்களும் உண்டு. சத்துணவுக் கூடத்துக் கதவைக் கரடி இரண்டு முறை உடைத்தது. முதல் முறை எண்ணெயும் பருப்பும் போயின. இரண்டாம் முறை எண்ணெயைச் சமையல் அக்கா வீட்டுக்கே எடுத்துப் போயிருந்தார். ஏமாந்த கரடி அரிசி டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டது. கதவுக்கு இரும்புத் தகடு அடித்தாயிற்று. தகடு சங்கச் செலவு, அடித்தது நானும் பொருளாளரும்.

செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. கோரம், அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள், 15 பேர். மூன்று கூட்டத்தில்தான் அது சேர்ந்தது, அந்த மூன்றிலும் ஒன்றில் வடை போட்டிருந்தோம்.

இனி மாணவர் எண்ணிக்கை. ஐந்து வகுப்பும் சேர்த்து 23 பேர்: ஒன்றாம் வகுப்பில் 4, இரண்டில் 6, மூன்றில் 3, நான்கிலும் ஐந்திலும் ஐந்தைந்து. பெண் பிள்ளைகள் 12, ஆண் பிள்ளைகள் 11. முந்தைய ஆண்டு மொத்தமே 16. நான் இதே பள்ளியில் ஐந்தாவது படித்த 1974-இல் எங்கள் வகுப்பில் மட்டும் 31 பேர். ஓட்டைச் சிலேட்டோடு தரையில் உட்கார்ந்து படித்தோம் என்று பழங்கதை சொல்ல வரவில்லை. அந்த 31 பேரின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே என்பதுதான் விஷயம்.

நம் பிள்ளைகள் குறைந்ததற்கு எல்லோரும் தனியார் பள்ளி வேனைக் கை காட்டுகிறார்கள். வேன் ஒரு காரணம்தான். ஆனால் வேனில் ஏற்றவும் பிள்ளை வேண்டுமே. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 7,62,141. 2011-இல் 7,35,394. தமிழ்நாடே கூடிக்கொண்டிருந்த பத்து வருடத்தில் நம் மாவட்டம் 26 ஆயிரத்துக்கு மேல் இறங்கியது. தேயிலை விலை விழுந்ததும் பையன்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிப் போனார்கள். நம் ஹட்டியில், அதாவது ஊரில், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பண்டிகை நாள் அல்லாத ஒரு ராத்திரியில் எண்ணிப் பாருங்கள். அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தேன்: மூன்று வருடத்தில் ஹட்டியில் பிறந்து இங்கேயே வளரும் குழந்தைகள் நான்கு. அந்த நான்கில் மூன்று வீட்டில் இப்போதே எல்கேஜிக்கு இடம் சொல்லி வைத்தாயிற்று.

எல்கேஜி என்பதுதான் முடிச்சு. அரசு 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அவை நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருப்பவை. நம்மைப் போன்ற தொடக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குள் பிள்ளைக்கு டையும் ஷூவும் பழகிவிடுகிறது, அப்புறம் யார் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? வீடு வீடாகப் போனபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் பணம் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், அவர்களுக்கு மருத்துவ இடத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒரு மருமகப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அதெல்லாம் ஆறாவதிலிருந்து கவர்ன்மென்ட் ஸ்கூலில் படித்தால் போதுமே" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் மட்டும்தான் ஒன்றாவதிலிருந்து கேட்கிறது. அதைச் சொல்வதற்குள் பால்காரர் வந்துவிட்டார்.

சரி, 16 எப்படி 23 ஆனது? ஜீப்பினால்.

எஸ்டேட் லைன், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, நம் பள்ளியிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். நடுவில் சோலை. காலையில் ஏழரை எட்டு மணிக்குக் காட்டுமாடு கூட்டமாக ரோட்டில் நிற்கும். பெரியவர்களே நின்று போகிற இடம். லைனில் எட்டு வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இலைக்குப் போய்விட, பிள்ளைகள் வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதை ரோட்டில் போகிற நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தான். 2024 மே மாதம் நானும் தலைமையாசிரியரும் லைனுக்குப் போனோம். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் முதல் தேதி எண்ணிக்கைதான் கணக்கு. அதற்குள் சேர்த்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் கோரத்துக்காகக் காத்திருக்க முடியவில்லை. ஆகவே மாதம் 8,000 ரூபாய்க்கு ஜீப் பேசியது பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் என் பொறுப்பில் செய்த காரியம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஜூலைக் கூட்டத்தில் இதைத்தான் ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

இப்போது ஜீப்பில் வருவது 11 பேர். ஒன்பது பேர் ஜார்க்கண்ட் வீட்டுப் பிள்ளைகள், இரண்டு பேர் அதே லைனில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த ஒன்பதும் புதுச் சேர்க்கை. பழையவர்களில் இரண்டு பேர் கோவைக்குக் குடிபோனதால் நிகரம் ஏழு. எட்டேகாலுக்குள் வந்துவிட்டால் காலை உணவு கிடைக்கும். புதன்கிழமைப் பொங்கலுக்கு மட்டும் டிரைவர் தம்பி ஹாரன் அடிக்கவே வேண்டியதில்லை, எல்லோரும் ரோட்டில் தயாராக நிற்பார்களாம்.

"வடநாட்டுப் பிள்ளைக்குத் தமிழே தெரியாது, இதுக்குப் பள்ளிக்கூடமா?" என்று கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். அவரும் நானும் ஒரே வருடம் ஒன்றாவதில் சேர்ந்தவர்கள். வீட்டில் படுகு மொழி பேசிவிட்டு வந்த நமக்கும் அன்று தமிழ் தெரியாது. 'அணில்' என்று டீச்சர் படத்தைக் காட்ட, அவர் அதன் படுகுப் பேரைச் சொல்லி அடி வாங்கினார், மறந்திருப்பார். அக்டோபரில் ஒரு நாள் பள்ளிக்குப் போயிருந்தேன். லைனிலிருந்து வரும் இரண்டாம் வகுப்புப் பெண் புளியங்கொட்டை வைத்து நம் ஹட்டிப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். "ஒந்து, எரடு, மூரு" என்று படுகில் எண்ணினாள். சார் உள்ளே வந்ததும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மாற்றிக்கொண்டாள். வீட்டில் வேறு மாதிரி எண்ணுவாளாக இருக்கும். மூன்று பாஷையில் எண்ணத் தெரிந்த பிள்ளை நம் வீட்டு வேன்களில் எத்தனை போகிறது?

இதில் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். சில வீட்டார் வருவதே இல்லை, பேர் எமிஸில், அதாவது அரசின் மாணவர் பதிவுத் தளத்தில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர் பட்டியலான காமன் பூலுக்குப் போய்விடுகிறது. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, அம்மா சொல்வது இன்னொன்று.

அதே ஜூலைக் கூட்டத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது: "செயலாளர் பேரன் எந்தப் பள்ளியில் படிக்கிறான்?" கேட்டவருக்குப் பதில் தெரியும். கோவையில் படிக்கிறான். என் மகன் அங்கே வேலையில் இருக்கிறான், பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போ என்று சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால் மருமகள் என்ன சொல்லியிருப்பாள் என்பது வேறு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு வாரம் நான் ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை. இதையும் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

ஆசிரியர்கள் விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 23 பேருக்கும் இரண்டு, 59 பேருக்கும் இரண்டு. தாளில் இது நமக்குச் சாதகம். ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துவது எப்படி என்று தாளில் இல்லை. செப்டம்பரில் டீச்சர் மகப்பேறு விடுப்பில் போனார். ஓராண்டு விடுப்பு அரசே 2021-இல் கொடுத்தது, நியாயமானது, அதில் யாருக்கும் மனக்குறை வேண்டாம். பதிலுக்கு ஆள் வரவில்லை, அதுதான் குறை. சம்பந்தப்பட்ட இடத்துக்கு நான்கு மனு கொடுத்தோம், நான்குக்கும் ஒப்புகை ரசீது இருக்கிறது. பிள்ளைகளின் போக்குவரத்துப் படி கேட்ட மனுவும் அங்கேதான் இருக்கிறது.

தலைமையாசிரியர் தினமும் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறார். கோத்தகிரிக்கே 33 கிலோமீட்டர், அதற்கு மேல் நம் ஊர் பஸ். மழையில் மரம் விழுந்தால் பஸ் அங்கேயே நிற்கும். ஒரே ஆளாக அவர் இருந்த ஒரு மாதம் பார்த்தேன்: கரும்பலகையைச் சாக்பீஸ் கோட்டால் மூன்றாகப் பிரித்திருந்தார். இடது பக்கம் 'அ', நடுவில் கழித்தல், வலது பக்கம் சமூக அறிவியல். நடுநடுவே வருகைப் பதிவை ஏற்றப் போனைத் தூக்கிக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடுவார், அங்கேதான் சிக்னல் எடுக்கும். அவர் மீட்டிங்குக்குப் போனால் பள்ளியைப் பார்த்துக்கொண்டது சமையல் அக்கா. அக்டோபரிலிருந்து நம் ஊர் பி.எட். படித்த பெண்ணை மாதம் 6,000 ரூபாய்க்கு வைத்தோம். பெங்களூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பெரும் பகுதி கொடுத்தார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

வரவு செலவு. விவரமாகப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு போகின்றன, கையிருப்பு சிறு தொகை. ஜீப் வாடகை 'போக்குவரத்து' என்ற தலைப்பில் பாதியும் 'இதர செலவு' என்பதில் மீதியும் வந்திருக்கிறது. இது பொருளாளர் தவறல்ல, ரசீது தாமதமாகக் கொடுத்தது நான். என் கைப்பணம் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. அதை இப்போது கேட்கவில்லை.

சந்தா மட்டும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் 84 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய், மாதம் 25. கட்டியவர்கள் 37. மூன்று வருடமாகக் கட்டாத 19 பேரில் செயற்குழுவினர் இருவர். ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றச் சங்கம் என்ன செய்தது என்று வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதுபவரும் அந்தப் பத்தொன்பதில்தான் இருக்கிறார். மறுபக்கம், ஜீப்புக்காக லைன் வீட்டார் பிள்ளைக்கு மாதம் 200 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களே சொன்னது. 11 பிள்ளைகளில் ஒன்பது பேர் வீட்டில் ஒரு மாதம் தவறவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் டிரைவர் தம்பி கையில் மடித்த நோட்டு வந்துவிடும். ஒரு அம்மா பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்து அனுப்புவார். கணக்குப் பாருங்கள்: பத்து மாதத்தில் ஒன்பது பேர் கொடுத்தது 18,000. 37 உறுப்பினர் சந்தா 11,100.

நன்றி: தலைமையாசிரியர், விடுப்பில் இருக்கும் டீச்சர், தற்காலிக டீச்சர், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினர், சத்துணவு அக்கா, ஊராட்சி, எஸ்டேட் மேனேஜர், வாடகையை இரண்டு மாதம் தள்ளி வாங்கிக்கொண்ட டிரைவர் தம்பி, தலைவர், பொருளாளர், பெயர் விடுபட்ட அனைவர்.

வரும் ஆண்டு. ஐந்தாவதில் இருக்கும் ஐவர் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். இதுவரை ஒன்றாம் வகுப்புக்குப் பேர் கொடுத்திருப்பது நான்கு, நான்கும் லைன் வீடு. எனக்கு 61 ஆகிறது, முழங்கால் சரியில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் பதிவேட்டையும் ஜீப் நம்பரையும் அன்றே கொடுத்துவிடுவேன். யாரும் இல்லையென்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தீர்மானம் மட்டும் நான் கொண்டுவருகிறேன். விதி 4-இன்படி உறுப்பினர் ஆக 'ஊரில் வீடு உள்ளவர்' என்று இருக்க வேண்டும். அதைப் 'பள்ளியில் பிள்ளை உள்ளவர்' என்றும் சேர்த்துத் திருத்த வேண்டும். லைன் வீட்டார் அதற்குப் பிறகு சந்தா கட்டி, ஓட்டும் போடலாம். விதித் திருத்தத்துக்கும் அதே 15 பேர் கோரம்தான். பொதுக்குழு 2025 மே 25 ஞாயிறு காலை 11 மணிக்குப் பள்ளியில். இலை எடை போடும் நாளாக இல்லாமல் பார்த்துத்தான் தேதி வைத்திருக்கிறேன். பள்ளி ஜூன் 2 திறக்கிறது. ஜீப் அன்று வருமா என்று டிரைவர் தம்பி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வடை உண்டு.

செயலாளர்