மூன்று விடையும் சரியாக இருக்கும் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த சாதாரண தர ஆங்கில மாதிரி வினாத்தாளைப் பற்றி எழுதுகிறேன். 'இட் வுட் பி ... இஃப் வீ டுக் த மோர்னிங் டிரெயின்' என்று ஒரு கீறிட்ட இடம். குட், பெட்டர், பெஸ்ட் என்று மூன்று தெரிவுகள். விடைப் பகுதியில் 'குட்' மட்டுமே சரி என்று போட்டிருந்தது. வசனத்தில் 'தான்' (than) என்ற ஆங்கிலச் சொல் இல்லை, அதனால் கம்பரேட்டிவ், அதாவது ஒப்பிடும்போது பெயரடை எடுக்கும் 'பெட்டர்' போன்ற உருவம், வராதாம்.

மூன்றுமே சரி. பொருள்தான் வேறு. காலை ரயிலில் போவது நல்லது என்று பொதுவாகச் சொன்னால் 'குட்'. பின்னேர ரயிலில் போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கும்போது, அது வேண்டாம் என்று சொல்ல 'பெட்டர்'. காலை, மத்தியானம், பின்னேரம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு ஒன்றைப் பிடித்தால் 'பெஸ்ட்'. இதில் எதை எடுப்பது என்று தெரிய, அந்த வசனத்துக்கு முன்னால் ஒரு வரியாவது வேண்டும். அந்த வரி வினாத்தாளில் இல்லை.

'தான்' இல்லாவிட்டால் கம்பரேட்டிவ் கூடாது என்று ஆங்கிலத்தில் விதி எதுவும் கிடையாது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது கேட்பவருக்கு விளங்கினால் போதும். 'இஃப்' போட்ட வசனத்தில் அது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடுகிறது. 'இப்போது மழை விட்டால்' என்று ஒருவர் தொடங்கும்போதே மழை பெய்துகொண்டிருக்கிறது என்று தெரிகிறதே! பெய்கிற நிலை ஒன்று, விட்ட நிலை ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் 'வுட் பி' என்பதன் பின்னால் ஈஸியர், சீப்பர், சேஃபர் எல்லாம் இவ்வளவு சாதாரணமாக வருகின்றன. 'இப்போது இருப்பதைவிட' என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கொட்டாஞ்சேனையில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் இதில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதும் விளங்காததல்ல. 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்று ஐந்தாம் வேற்றுமைக்கு உதாரணம் படித்திருப்போம். அங்கே உருபு காக்கையில்தான் ஏறுகிறது, கரிது கரிதாகவே இருக்கிறது. பேச்சில் வரும் 'விட'வும் அப்படித்தான். சிங்களத்திலும் 'வடா' என்று ஒரு சொல் சேர்ந்தால் சரி, பெயரடையின் உருவம் மாறாது. ஆகவே பக்கத்து வாங்கில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்கும் இதே கஷ்டம்தான்.

இது வெறும் பரீட்சைச் சமாச்சாரம் அல்ல. வெள்ளவத்தையில் வாடகை வீடு பார்க்கும் ஒருவர் வீட்டுக்காரருக்கு எழுதுகிறார் என்று வையுங்கள். அட்வான்ஸைக் குறைத்தால் 'இட் வுட் பி ஈஸி ஃபோர் அஸ்' என்று எழுதினால், குறைத்ததும் இவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றாகிறது. 'ஈஸியர்' என்றால் அப்போதும் சுமை இருக்கும், இப்போதையதைவிடக் குறைவு, அவ்வளவுதான். சலுகை கேட்கிறவருக்கு இதுதான் பாதுகாப்பு.

'வுட் பி மோர் பெட்டர்' என்பது கொழும்பு முழுக்கக் கேட்கிறது. 'இன்னும் நல்லா இருக்கும்' என்பதில் உள்ள 'இன்னும்' அப்படியே 'மோர்' ஆகிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்படி இரட்டிப்பாக எழுதுவது பிழையாக இருக்கவில்லை, அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லோத், 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அது முறையல்ல என்று எழுதினார். இன்று ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்கு அழைத்தாலும் புள்ளி கிடைக்காது. 'இன்னும் நல்லா' என்று அழுத்திச் சொல்ல 'ஈவன் பெட்டர்' இருக்கிறது, 'மச் பெட்டர்' இருக்கிறது.

பெரிய சேதம் நடப்பது வாசித்து விளங்கும் பகுதியில். தாத்தா எப்படி இருக்கிறார் என்று ஒருவர் கேட்கிறார், 'குட்ன்ட் (couldn't) பி பெட்டர்' என்று பதில் வருகிறது. 'குணமாக முடியவில்லை' என்று எழுதி, நல்லாக நடமாடும் மனிதரைப் படுக்கையில் போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. இதைவிட நன்றாக இருக்க வழியே இல்லை, அந்தளவுக்கு நன்றாக இருக்கிறார் என்பதுதான் பொருள். எதிர்மறையை எடுத்துவிட்டு 'குட் (could) பி பெட்டர்' என்றால் நிலைமை தலைகீழ்: சுமார்தான், திருப்தியில்லை. 'குட் பி வர்ஸ்' என்றால் பரவாயில்லை. 'ஐ குட்ன்ட் அக்ரீ மோர்' என்பது முழுச் சம்மதம். அதை மறுப்பு என்று நினைத்து அலுவலகத்தில் ஒருவர் சூடாகப் பதில் மெயில் அனுப்பினால் என்ன ஆகும்? இவை எதிலும் 'தான்' இல்லை என்பதையும் கவனியுங்கள். தங்கள் விடைப் பகுதியின்படி பார்த்தால் இவ்வளவும் பிழை.

'யூ ஹாட் (had) பெட்டர்' தனிக் கதை. 'ஹாட்' இருந்தும் அது இறந்தகாலம் அல்ல, 'பெட்டர்' இருந்தும் பணிவான ஆலோசனை அல்ல. செய்யாவிட்டால் ஏதோ நடக்கும் என்ற எச்சரிக்கை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை நண்பனுக்குச் சொல்லலாம், அதிபருக்கு எழுதும் கடிதத்தில் போட்டால் மிரட்டல் மாதிரி இருக்கும். உண்மையில் 'இட் வுட் பி பெட்டர் இஃப் யூ...' என்பதுகூட மேலிடத்துக்குக் கொஞ்சம் உறைக்கும், இப்போது நீங்கள் செய்வது போதாது என்று அது சொல்லாமல் சொல்வதால். அங்கே 'குட்' போடுவதே நல்லது. தங்கள் விடைக்கும் ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது!

அந்த வினாவுக்குத் திருத்தம் ஒன்றை அடுத்த மாணவர் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 'பெட்டர்', 'பெஸ்ட்' எழுதிவிட்டுத் தாங்களே பிழை போட்டுக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். கம்பரேட்டிவ் ஒரு பாடம், 'இஃப்' வரும் கண்டிஷனல் வேறொரு பாடம் என்று பிரித்தே போடுவதை விட்டு, ஒரு வாரமாவது இரண்டையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் உதவியாக இருக்கும். வினாவைத் தூக்கியெறிய வேண்டியதுமில்லை. முன்னால் 'வீ ஆர் பிளானிங் டு டேக் த ஈவினிங் டிரெயின், பட் இட் இஸ் ஆல்வேஸ் குரௌடட்' என்று ஒரு வசனத்தைச் சேர்த்தால், எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் 'பெட்டர்' என்று எழுதும்.

இப்படிக்கு,
ஆங்கில வகுப்பு நடத்தும் வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13