பாசிக் கொத்து இறக்குமுன் வலைக்கு விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடற்பாசிக் கொத்துகளை நங்கூரமிட்டுக் கடலில் மிதக்கவிட்டு மீனைக் கூடச் செய்யும் முறை மட்டக்களப்புக் கரைக்கு ஏற்றதா என்பது குறித்துச் சில விடயங்களை முன்வைக்க விரும்புகிறேன்.

நிழலும் மறைவும் உள்ள இடத்தில் மீன் அடையும் என்பதை நம்மவர்கள் நன்கு அறிவர். நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கிளைகளை நட்டு, அவற்றிடையே சேரும் மீனை வளைத்துப் பிடிப்பது நெடுநாள் வழக்கம். பாசிக்கு உள்ள மேன்மை, அது உயிரோடிருப்பதே. அதன் இலைகளில் மிகச் சிறிய இறால் வகைகள் ஒட்டி வாழ, அவற்றைத் தின்ன மீன்குஞ்சுகளும், குஞ்சுகளைத் தேடிப் பாரையும் வந்து சேரும். கணவாய், வெண்ணிற விரல் போன்ற உறைகளில் தன் முட்டைகளைக் கொத்துக் கொத்தாக அங்கே ஒட்டிவிடும். ஓரா மீனோ பாசியையே மேய்ந்துவிடும்; ஆகவே அடிக்கடி சென்று புதிதாகக் கட்டும் பொறுப்பை யாரேனும் ஏற்றாக வேண்டும்.

எந்தப் பாசி என்பதிலும் கவனம் தேவை. வடக்கில் ஏற்றுமதிக்காக வளர்க்கப்படும் கப்பாபைகஸ் நமது கடலுக்குரியதன்று. தமிழகத்தின் குருசடைத் தீவில் அது உயிருள்ள முருகைக்கற்கள்மீது படர்ந்து அவற்றை மூடியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். பாசிக்குடா, காயங்கேணி முருகைக்கற்பாறைகளை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சையில் நாம் இறங்கலாகாது. நமது கடலிலேயே வளரும் சர்காசம் போதும். அதையும் பாறையிலிருந்து பிடுங்காமல், கரையொதுங்குவதில் வாடாதவற்றைத் தேர்ந்து கட்டலாம்.

ஆனால் மீனைக் கூட்டுவது வேறு, மீனைப் பெருக்குவது வேறு. கூடிய மீனைச் சுருக்குவலையும் சிறுகண் வலையும் குஞ்சோடு அள்ளிச் செல்லுமானால் இருப்பதும் குறையும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் டைனமைற்றைத் தடைசெய்திருந்தும் அது ஓயாத கடலில், மீன் திரளும் இடத்தை மிதவை கட்டிக் காட்டிக்கொடுப்பது பற்றியும் யோசிக்க வேண்டும். கொத்துகளைச் சுற்றித் தூண்டிலுக்கு மட்டுமே அனுமதி என்றும், கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளுக்கு வெளியே மட்டுமே நங்கூரமிடலாம் என்றும் முதலில் முடிவாக வேண்டும். கரைவலையின் மடியில், அதாவது மீன் சேரும் பையில், கயிறு சிக்கினால் இரு தரப்பாருக்கும் தீராப் பகைதான். வாடைக்காற்று தொடங்குமுன் கயிறுகளை மீட்டெடுக்கும் கடமையையும் அத்துடன் எழுதிவைக்க வேண்டும். அறுந்த நைலோன் கயிறு ஆமைகளுக்கு எமன்.

இவ்விதிகளைக் கரைவலை உரிமையாளரான சம்மாட்டிமாரையும் தூண்டில்காரரையும் ஒன்றாக அமர்த்திப் பேசித் தீர்மானித்த பின்னரே முதல் கொத்தை இறக்குமாறு, கடற்றொழில் திணைக்களத்தையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கடற்றொழிலாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.