கயலுக்கு, ரிமோட் விஷயமாக

அன்புள்ள கயல்,

புது வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்று நீ சொன்னதில் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். பால்கனியில் துளசி வைக்கிற அளவுக்கு வெயில் வருமா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். இனி என் விஷயம்.

சாமான் ஏற்றி இறக்கியதில், டிவியில் செருகி இணையப் படம் பார்க்கிற அந்த ஃபயர் டிவி ஸ்டிக் வந்து சேர்ந்துவிட்டது, ரிமோட்டைத்தான் காணோம், புதுசு வாங்கப் போகிறேன் என்றாய். போனில் விளக்க ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்றபடியே நீ அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். வாட்ஸ்அப்பில் போட்டாலோ குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். டிவி ஸ்டாண்டில் செருகி வை.

கடையில் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு ரிமோட்டை வாங்கிவிடாதே. ஃபயர் டிவி ரிமோட் இரண்டு வழியில் பேசுகிறது. அம்புக்குறி, ஹோம், குரல் எல்லாம் புளூடூத்தில் ஸ்டிக்குக்குப் போகின்றன. ஒலி, டிவியை அணைப்பது இரண்டும் அகச்சிவப்புக் கதிரில் நேரே டிவிக்குப் போகின்றன. ஸ்டிக்கில் அகச்சிவப்பை வாங்கிக்கொள்ளும் கண்ணே கிடையாது. ஆகவே புளூடூத் இல்லாத மலிவு ரிமோட் எதுவும் உனக்கு உதவாது. லைட் என்று பெயர் போட்ட ஸ்டிக்கோடு வரும் ரிமோட்டில் ஒலிப் பொத்தானே இருக்காது. வாங்கினால் ஒவ்வொரு முறையும் சத்தம் குறைக்க டிவியின் ரிமோட்டைத் தேடுவாய். மிகப் பழைய முதல் தலைமுறை ஸ்டிக்கோடு இப்போதைய ரிமோட் சேராது என்பார்கள். உன்னுடையது கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கியதுதானே, அந்தக் கவலை வேண்டாம்.

சரி, புது ரிமோட் வந்து சேரும்வரை சும்மா உட்கார வேண்டியதில்லை. வீட்டு ஓனர் விட்டுப்போன டிவியின் ரிமோட் இருக்கிறதா? அதைக்கொண்டே ஸ்டிக்கை ஓட்டிப் பார். ஸ்டிக்கைச் செருகுகிற இடத்துக்குப் பெயர் ஹெச்டிஎம்ஐ. டிவியின் அமைப்புகளில் ஹெச்டிஎம்ஐ சிஇசி என்று ஒன்று இருக்கும். அந்தப் பெயரிலேயே இருக்காது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகள் ஹெச்டிஎம்ஐ வழியாகவே ஸ்டிக்குக்குப் போகும். பல டிவிகளில் அது அணைந்தே கிடக்கும், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

அது நடக்கவில்லை என்றால் போனில் ஃபயர் டிவி செயலியைப் போடு. இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். செயலி ஸ்டிக்கைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஸ்டிக்குக்குத் தெரிந்ததோ உன் பழைய வீட்டு வைஃபை. புது வைஃபைக்கு மாற்ற ரிமோட் வேண்டும், ரிமோட்டுக்குப் பதிலாகச் செயலி வேண்டும், செயலிக்கு வைஃபை வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது?

வழி இருக்கிறது. மாப்பிள்ளையின் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொல். அதன் பெயரைப் பழைய வீட்டு வைஃபையின் பெயராகவே மாற்று, பாஸ்வேர்டும் அதேதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி, ஒன்றுகூட மாறக்கூடாது. ஹாட்ஸ்பாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்று கேட்டால் 2.4-ஐத் தேர்ந்தெடு, அது எதற்கும் ஒத்துப்போகும். இப்போது ஸ்டிக்கின் மின்சாரத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடு. பழைய வீடுதான் என்று நினைத்துக்கொண்டு ஸ்டிக் தானே போய் அந்த ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ளும். உன் போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துச் செயலியைத் திற. ஸ்டிக்கின் பெயர் தெரியும், தொட்டால் டிவி திரையில் நாலு இலக்க எண் வரும், அதைப் போனில் தட்டு. அவ்வளவுதான், போனே ரிமோட். உடனே அமைப்புகளில் நெட்வொர்க்குக்குப் போய்ப் புது வீட்டு வைஃபையைக் கொடு. கொடுத்த நொடியில் போனுக்கும் ஸ்டிக்குக்கும் தொடர்பு அறுந்துபோகும். பதறாதே. உன் போனையும் புது வைஃபைக்கு மாற்றினால் மறுபடி வந்துவிடும். மேல்வீட்டு மாமிக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். அவர்களுடைய ரிமோட்டைப் பேரன் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து மாமி என்னை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுகிறார். பிசிக்ஸ் டீச்சராக இருந்தபோது கிடைக்காத மரியாதை.

இனி புது ரிமோட். அதற்கு ட்ரிபிள் ஏ செல் இரண்டு வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே அது அல்ல, அதைவிட ஒல்லியானது. இரண்டும் புதிதாக இருக்கட்டும். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது பத்தடிக்குள் நின்று ஹோம் பொத்தானைப் பத்து விநாடி விடாமல் அழுத்து. வீடு படம் போட்ட பொத்தான் அது. நீ அவசரக்காரி, அஞ்சு விநாடியில் கையை எடுத்துவிட்டு "இல்லம்மா, வேலை செய்யல" என்பாய். வாய்விட்டு எண்ணு. இதற்கும் மசியவில்லை என்றால் போன் செயலி இருக்கிறதே, அதை வைத்து அமைப்புகளில் கன்ட்ரோலர்கள், புளூடூத் சாதனங்கள் என்ற பகுதிக்குப் போ. அதில் ஃபயர் டிவி ரிமோட் என்பதற்குள் புது ரிமோட் சேர் என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி ஹோமை அழுத்து.

அம்புக்குறி ஓடிவிட்டது, ஆனால் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று நீ எனக்குப் போன் செய்வாய். இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்னே சொன்ன இரண்டாவது வழி, அகச்சிவப்பு, அது. எந்தக் கம்பெனி டிவி என்று ரிமோட்டுக்குத் தெரியாது. அமைப்புகளில் உபகரணக் கட்டுப்பாடு என்ற இடத்துக்குப் போய் டிவியின் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்புறமும் வராவிட்டால் போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்கு நேரே காட்டி, ஒலிப் பொத்தானை அழுத்து. நம் கண்ணுக்குத் தெரியாத கதிர் கேமராவில் வெளிர் ஊதாவாகப் பளிச் பளிச்சென்று மின்னும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது, அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி அதில் பலமாக இருக்கும். மின்னினால் ரிமோட்டில் குறை இல்லை, டிவியின் பெயரைத் தப்பாகக் கொடுத்திருக்கிறாய். லேபில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பெஞ்சை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

உனக்கு ஒரு சுவாரசியம் சொல்கிறேன். 1956-ல் அமெரிக்காவில் ஜெனித் கம்பெனிக்காக ராபர்ட் ஆட்லர் செய்த ரிமோட்டுக்கு பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். காதுக்கு எட்டாத அந்த ஒலியைக் கேட்டு டிவி சேனல் மாற்றும். செல் தீர்ந்துபோச்சு என்று அந்த வீட்டில் யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

பின்னால் எப்போதாவது ரிமோட் திடீரென்று ஊமையானால், எந்தப் பக்கம் ஊமை என்று பார். சத்தம் மாறுகிறது, அம்புக்குறி மட்டும் நகரவில்லை என்றால் செல் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை, புளூடூத் பக்கம்தான் கோளாறு. இரண்டுமே இல்லை என்றால் முதலில் செல்லை மாற்று. சார்ஜ் செய்கிற செல் வேண்டாம். அது 1.2 வோல்ட்தான், சாதாரண செல் 1.5. செல் பாதி தீர்ந்த கதையாக ரிமோட் சில சமயம் நடந்துகொள்ளலாம்.

புளூடூத் கோளாறுக்குப் பெரும்பாலும் ஸ்டிக்கின் மின்சாரத்தை ஒரு நிமிஷம் எடுத்து வைத்தாலே போதும். அதற்கும் மேல் அடம்பிடித்தால் கடைசி ஆயுதம்: ஸ்டிக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிஷம் பொறு. ரிமோட்டில் இடது அம்பு, பின்செல், மூன்று கோடு போட்ட மெனு மூன்றையும் ஒன்றாகப் பன்னிரண்டு விநாடி அழுத்து. இதற்கு இரண்டு கையும் வேண்டும். கையை எடுத்து ஐந்து விநாடி பொறுத்துவிட்டு, செல்களைக் கழற்று. ஸ்டிக்குக்கு மின்சாரம் கொடுத்து இன்னொரு நிமிஷம் விடு. அதற்குப் பின் செல்லைப் போட்டு ஹோமைத் தட்டு. தானாகச் சேரவில்லை என்றால் பழையபடி பத்து விநாடி.

ஸ்டிக்கை டிவியின் முதுகில் நேராகச் செருகாதே. பெட்டியில் கூடவே ஒரு குட்டை ஹெச்டிஎம்ஐ வயர் கொடுத்திருப்பார்கள், அதைப் போட்டுக் கொஞ்சம் வெளியே தொங்கவிடு. டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் புளூடூத் தட்டுத்தடுமாறித்தான் வரும். மின்சாரத்துக்கும் டிவியின் யுஎஸ்பியை நம்பாதே, அதற்கென்று வந்த அடாப்டரில் போடு.

பழைய ரிமோட் என்றைக்காவது போர்வை மூட்டையிலிருந்து கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதே. ஒரே ஸ்டிக்கில் ஏழு வரை சேர்க்கலாம். நீ ஒன்று, மாப்பிள்ளை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரியரில் வடகமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வருகின்றன. ஊறுகாய் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிடாதே, மூடி கொஞ்சம் லூசு. ட்ரிபிள் ஏ செல் ஒரு அட்டையும் போட்டிருக்கிறேன். வைஃபை பாஸ்வேர்டு பழையது நினைவிருக்கிறதா என்று மாப்பிள்ளையை இப்போதே கேட்டு எழுதி வை.

அம்மா
திருச்சி