டிக்கியை அளந்து பார்

பாபநாசம்,
ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி எப்போதும் போலத்தான். குறுவை அறுத்தாயிற்று. நம் மூன்று மா நிலத்து நெல்லும் ரோட்டோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், வானம் விடமாட்டேன் என்கிறது. பகலில் நான் காவல், ராத்திரி மேலத்தெரு பையன். அதை விடு. கார் விஷயத்துக்கு வருகிறேன்.

கார் வாங்கப் போகிறோம், வருஷத்துக்கு மூன்று நாலு தடவை பிள்ளைகளை மலைப்பக்கம் கூட்டிப் போய் டென்ட் அடித்துத் தங்கப் போகிறோம், எட்டு லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நீ சொன்னது தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். அதற்கப்புறம் போன் இல்லை. வேலை இருக்கும். தீபாவளியன்று மருமகள் போட்ட ஸ்டேட்டஸில் டென்டைப் பார்த்தோம். ஆரஞ்சு நிறம். மொட்டைமாடியில் அடித்து, உள்ளே பெரியவனும் பாப்பாவும். அம்மா அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், 24 மணி நேரம் கழித்து அது போய்விடும் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் "எங்கே அந்தப் படம்?" என்று கேட்டாள்.

நீ டாடா பஞ்ச் என்று சொன்னாய். நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கினது. தரையிலிருந்து 187 மில்லிமீட்டர் உயரம், எஸ்டேட் ரோட்டில் கல் அடிக்காது. "நாலு பேர்தானேப்பா, போதும்" என்றாய். போதும்தான். ஆனால் டிக்கியை அளந்து பார்த்தாயா? 366 லிட்டர் என்று போட்டிருக்கிறான். லிட்டர் கணக்கில் படிக்கும்போது நிறைய இருக்கிற மாதிரித்தான் தெரியும். டென்ட் ஒன்று, கீழே விரிக்க பாய், நாலு போர்வை, காஸ் அடுப்பு, 20 லிட்டர் தண்ணீர் கேன், பாத்திரம், அரிசி பருப்பு, பிள்ளைகளுக்கு மூன்று செட் துணி. பாப்பாவுக்கு அந்த நீலத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது, அதுவே பாதி டிக்கி. மிச்சத்தை மேலே கேரியர் போட்டுக் கட்டலாம் என்பாய். தலையில் பாரம் ஏற்றின வண்டி கொண்டை ஊசி வளைவில் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். கேரியர் வேண்டாம்.

சிஎன்ஜியும் வேண்டாம். மைலேஜ் கிடைக்கும், ஆனால் டிக்கியில் நிறைய இடத்தை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அது சரி. உனக்கு ஆபீஸ் பஸ் இருக்கிறது.

பஸ் டிப்போவில் என்னோடு இருந்த மெக்கானிக் உனக்கு நினைவிருக்கும், ஹார்ன் ரப்பரில் உனக்குப் பந்து செய்து கொடுப்பாரே, அவருடைய மருமகன் ரெனோ ட்ரைபர் கார் வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய், டேப் எடுத்துக்கொண்டு போய், அளந்துவிட்டு வந்தேன். அதுவும் நாலு மீட்டருக்குள் அடங்குகிற வண்டிதான், உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும். ஆனால் ஏழு சீட். பின்னால் இருக்கிற இரண்டு சீட்டையும் தனித்தனியாகக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். இரண்டையும் கழற்றினால் 625 லிட்டர் இடம். மாட்டியே வைத்திருந்தால் 84 லிட்டர்தான், ஒரு அரிசிச் சிப்பம் வைக்கலாம், அவ்வளவுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் கழற்றினால் ஆறு பேர் உட்காரலாம், காலியான இடத்தில் டென்டும் அடுப்பும் நிற்கும். ஆறு பேர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

குறையும் இருக்கிறது. 999 சிசி, மூன்று சிலிண்டர். ஆள் நிறைய ஏற்றி வால்பாறை நாற்பது வளைவு ஏறினால் மூச்சு வாங்கும். ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் பொறுமையாக ஏறினால் ஏறிவிடும். அவசரப்படுகிறவனுக்கு அந்த வண்டி ஆகாது. நீ அவசரப்படுகிறவன் இல்லை. சின்ன வயதிலிருந்தே இல்லை, சாப்பிடக்கூட உனக்கு முக்கால் மணி நேரம்.

மாருதி எர்டிகா இன்னும் சௌகரியம், 1462 சிசி, மலையில் இழுக்கும். ஆனால் உன் எட்டு லட்சத்தில் அடங்காது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து ஜிஎஸ்டியை மாற்றினார்களே, பார்த்திருப்பாய். நாலு மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. பஞ்ச், ட்ரைபர் எல்லாம் 18இல் வந்துவிடும், எர்டிகா வராது. அதன் மேல் நம் மாநில ரோடு டாக்ஸ் வேறு, ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18. அதனால் ஷோரூம் விலையைப் பார்த்து எட்டு லட்சம் என்று கணக்குப் போடாதே, ஆன்ரோடு என்ன என்று கேள். உன் ஆபீஸ் நண்பர் சொன்ன மாருதி ஜிம்னி, அதன் நாலு சக்கர இழுவை எல்லாம் சேற்றில் இறங்குகிறவனுக்கு. நீங்கள் போய்த் தங்குகிற இடம் வரைக்கும் பால் வண்டி வரும். தவிர, அதில் நாலே சீட்.

பழைய வண்டி வாங்குவதானால் என்னிடம் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதே. விலை குறைவாக இருக்கிறது என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், அடியில் சேற்றுக்கறை இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டார்கள். ஸ்டெப்னி இருக்கிற பள்ளத்தில் கை விட்டுப் பார். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பி மலை ஏறக்கூடாது.

நியாயமாகப் பார்த்தால் வருஷத்துக்கு நாலு தடவைக்குக் கார் வாங்கவே வேண்டாம். கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகை வண்டி எடுத்து நீயே ஓட்டிப் போய்விட்டு வந்து விட்டுவிடலாம். டியூ இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். சொந்த வண்டி என்றால்தான் நினைத்தபோது எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். கோயம்புத்தூரிலிருந்து இங்கே 300 கிலோமீட்டர்தான். கரூர், திருச்சி, தஞ்சாவூர், முழுக்க நல்ல ரோடு. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

நம் வீட்டில் சொந்தமாகக் கார் வாங்கப் போகிற முதல் ஆள் நீ. 1985இல் சோழன் அரசு பஸ்ஸில் டிரைவராக ஏறினதிலிருந்து 33 வருஷம் நான் ஓட்டினது எல்லாம் ஊரார் வண்டி. டீக்கடையில் சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன். "டிரைவர் பையன், அப்பன்கிட்டயே பழகியிருப்பான்" என்றார் ஒருவர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீ பணம் கட்டி டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டாய் என்று எப்படிச் சொல்வது?

டிரைவிங் ஸ்கூலில் ஒன்றைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். மலையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கில் உட்காரும், சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. கொடைக்கானல் சீசன் ஸ்பெஷலில் அந்தக் கருகல் வாடை வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறுகிற வண்டிக்கு வழி விடு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், பதிந்துவிட்டுப் போ. காட்டிலாகாவின் அனுமதி இல்லாத இடத்தில் டென்ட் அடிக்காதே, வால்பாறையில் யானை உன் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. குளிர்கிறது என்று எல்லாரும் காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாடை கிடையாது.

இரவில் ஓட்டாதே. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து ராத்திரியே கிளம்பலாம் என்று தோன்றும். வேண்டாம். சனிக்கிழமை விடிந்து கிளம்பு. அரை நாள் போனால் போகட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஐந்து மணி வரைக்கும் கண் திறந்திருக்கும், ஆள் தூங்கிவிடுவான். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்தது.

மாமா வேனைப் பற்றிச் சொல்கிறேன். 1998, தை அமாவாசைக்குக் கோடியக்கரை போனோமே. கடலில் குளித்துவிட்டு, வேதாரண்யத்தில் சித்தப்பாவின் சம்பந்தி வீட்டுச் சவுக்குத் தோப்பில் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். அம்மா மூன்று கல் வைத்து மீன் குழம்பு வைத்தாள். நீ மாமாவின் டார்ச் லைட்டை ஒளித்து வைத்துவிட்டு எல்லோரையும் தேடவிட்டாய். நாமும் கேம்ப்பிங் போயிருக்கிறோம், தம்பி, அந்தப் பெயர் தெரியாமல் போனோம். மறுநாள் காலை எனக்கு டூட்டி. அதற்கு முந்தின இரண்டு நாளும் டபுள் டூட்டி பார்த்திருந்தேன். ராத்திரியே கிளம்ப வேண்டும் என்று அடம் பிடித்தது நான். அம்மா, "அப்பாவோடு பேசிக்கொண்டே வா" என்று சொல்லி உன்னை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் கண்ணயர்ந்தாள். திருத்துறைப்பூண்டி தாண்டி நீ சொன்னாய், "அப்பா, கண்ணை மூடுறீங்க." இல்லைடா என்றேன். இன்னொரு தடவை சொன்னாய். மூன்றாவது தடவை என் தோளைப் பிடித்து உலுக்கினாய். அதற்குள் வண்டி வாய்க்கால் கரையைத் தாண்டிவிட்டது.

நீ ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை. நான் தூங்கினேன்.

அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஊரார் ஓடி வருகிறார்கள், மாமா என்னைப் பார்க்கிறார். "பய திடீர்னு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டான்" என்று வாயில் வந்துவிட்டது. கேஸ் ஆகி லைசென்ஸ் போனால் வேலை போய்விடும் என்று பயம். அந்தப் பயம் ஒரு வாரம் இருந்திருக்கும். அதற்கப்புறம் பயம் ஒன்றும் இல்லை, தம்பி. அந்தப் பொய் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். மாமா உன்னை இன்றைக்கும் "ஸ்டீயரிங்கு" என்றுதான் கூப்பிடுகிறார். உன் கல்யாணத்தில் மேடையிலேயே கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 2018இல் எனக்கு விபத்தில்லா ஓட்டுநர் என்று சால்வை போட்டபோது நீ பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

பத்து வயதுப் பையன். ஒரு தடவைகூட "நான் பிடிக்கலை" என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் போன வாரம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் காபி வரவில்லை. மறுநாள் வந்தது. கார்த்திகைக்கு மாமா வருகிறார், அவரிடமும் சொல்லிவிடுவேன்.

சரி. எங்கே விட்டேன்? சீட். ட்ரைபரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நடுவரிசையை மடக்கிக் கொடுத்தால் ஏறிவிடலாம். முட்டி கொஞ்சம் மேலே தூக்கும், தலை இடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கிக் கால் நீட்டினால் வயசானவர்கள்கூட வரலாம். அம்மாவால் அங்கே ஏற முடியாது. அவளுக்கு நடுவரிசை, பிள்ளைகளுக்கு நடுவில். முன்சீட்டில் அவள் உட்கார மாட்டாள், உனக்குத் தெரியும்.

பஞ்ச்தான் என்று நீங்கள் முடிவு பண்ணியிருந்தால் பஞ்ச்சே எடு. மருமகளுக்கு எது பிடிக்கிறதோ அதைக் கேள், அவளும் ஓட்டப் போகிறவள்தானே. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் டெஸ்ட் டிரைவ் எடுப்பாய் அல்லவா, அது எந்த நாள் என்று மட்டும் சொல். தஞ்சாவூரில் விடியற்காலை பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். ஓட்ட மாட்டேன். பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நெல்லுக்குக் காவல் வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா